கழிமுகத்துக்கு வந்துசேர்ந்த அயல்புழுவைத் தேடுவது எப்படி

கழிமுகத்தில் வேற்றிடத்துப் புழு ஏதாவது வந்து குடியேறியிருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அது பார்க்க எப்படி இருக்கும்?" என்பதுதான். முதலில் இங்கேயே இருக்கும் புழுக்களைப் பார்த்துப் பழகுங்கள் என்று நான் சொல்வேன். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் வேறு வழி கிடையாது. ஒரு கழிமுகத்தில் நேற்றுவரை என்ன இருந்தது என்று தெரிந்தவர் கண்ணுக்கு மட்டுமே இன்று வந்தது புதிதாகத் தெரியும். சேற்றைச் சலித்து, புழுக்களைப் பிரித்து, பெயர் எழுதி வைப்பதையே வேலையாகக் கொண்டவன் நான். அயல்புழு பற்றிய நல்ல தகவல்கள் எங்கெல்லாம் கிடைத்திருக்கின்றனவோ, அங்கெல்லாம் யாரோ ஒருவர் பல வருடங்களாக அதே சேற்றை அலுக்காமல் சலித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதல் ஓராண்டை உள்ளூர்ப் புழுக்களுக்குக் கொடுங்கள்

கழிமுகத்தில் இதைக் கற்றுக்கொள்வது நினைப்பது போல் கடினமில்லை. உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் இடத்தைத் தாங்கும் இனங்கள் குறைவு. ஒரு சில இனங்கள்தான் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றின் குடும்பங்களை அடையாளம் காணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நெரீட் குடும்பத்துப் புழு தடிமனாக, இரு பக்கமும் துடுப்பு போன்ற கால்களோடு வேகமாக நெளியும். தலையில் நான்கு கண்கள் இருக்கும். தொண்டையை வெளியே தள்ளும்போது கருப்பான இரண்டு தாடைகள் தெரியும். ஸ்பியோனிட் குடும்பத்தில் தலையிலிருந்து நீளமான இரண்டு உணர்கைகள் கிளம்பும். தொட்டால் அவை எளிதில் உதிர்ந்துவிடும். கேப்பிடெல்லிட்டுகள் மெல்லிய சிவப்பு நூலாக, சின்ன மண்புழு மாதிரி இருக்கும். அழுகிய சேற்றிலும் இருக்கும். கல்லிலும் மரத்தூணிலும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய் கட்டி ஒட்டிக்கொள்வது செர்ப்புலிட் குடும்பம். விசிறி போல் செவுள்களை விரித்துத் தோல் மாதிரியான குழாயில் இருப்பது சபெல்லிட் குடும்பம். இவையெல்லாம் பாலிகீட் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. கழிமுகத்தின் மேல்பகுதியில், நன்னீர் அதிகமாக இருக்கும் இடத்தில், இவற்றோடு மண்புழுவின் நீர்வாழ் உறவுகளான ஒலிகோகீட் புழுக்களும் கலந்து வரும்.

மழைக்கு முன், மழைக்குப் பின், வெள்ளம் வடிந்த பிறகு, வறண்ட மாதங்களில் என்று ஒரே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். ஒரு புழு வெள்ளத்துக்குப் பின் காணாமல் போய் நாலு மாதம் கழித்துத் திரும்பி வருவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த முறை அது வரும்போது புதிய இனம் என்று பதற மாட்டீர்கள். இந்தப் பொறுமையைத்தான் நான் பெரிய கருவி என்பேன். நுண்ணோக்கி அதற்கு அப்புறம்தான்.

எங்கே பார்ப்பது

எந்த வழியாக வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பெரிய கப்பல்கள் சுமை இல்லாதபோது சமநிலைக்காகத் தொட்டிகளில் நீர் ஏற்றிக்கொள்கின்றன. ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீர் மற்றொரு துறைமுகத்தில் இறங்குகிறது. பாலிகீட் புழுக்களில் பலவற்றின் லார்வாக்கள் நாள்கணக்கில், சில இனங்களில் வாரக்கணக்கில் நீரில் மிதந்து திரிபவை. எனவே தொட்டிக்குள் பயணம் செய்வது அவற்றுக்கு இயல்பாகவே கைகூடுகிறது. இதைக் கட்டுப்படுத்தத்தான் கப்பல் சமநிலை நீர் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2004-இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளியேற்றும் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிரினங்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே உயிரோடு இருக்கலாம் என்பது அதன் தரநிலை. நல்ல ஏற்பாடு. ஆனால் கப்பலின் அடிப்பாகத்தில் கொட்டலசோடும் சிப்பியோடும் ஒட்டிக்கொண்டு வரும் குழாய்ப்புழுவை அது தொடுவதில்லை. அதற்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-இல் வெளியிட்டு 2023-இல் திருத்திய வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அவை கட்டாயம் அல்ல. அதனால் படகுத்துறைகள், மிதவைகள், நெடுநாள் கட்டிக் கிடக்கும் படகுகள், பழுதுபார்க்கும் இடங்கள் ஆகியவற்றை என் பட்டியலில் எப்போதும் முதலில் வைத்திருப்பேன்.

தூண்டில் புழு இன்னொரு வழி. உயிருள்ள தூண்டில் புழு கண்டம் விட்டுக் கண்டம் விற்பனைக்குப் போகிறது. கொரியா, சீனா பகுதிகளிலிருந்து ஐரோப்பாவுக்கு நெரீட் புழுக்கள் போகின்றன. அமெரிக்காவின் மேய்ன் கரையிலிருந்து அனுப்பும் தூண்டில் புழுக்களைக் கடற்பாசியில் சுற்றி வைப்பார்கள். அந்தப் பாசிக்குள் நத்தையும் நண்டும் உயிரோடு ஒளிந்து வருவதை கலிபோர்னியாவில் கண்டிருக்கிறார்கள். மீன் பிடித்து முடித்தவர் மிச்சப் புழுவையும் பாசியையும் தண்ணீரில் கொட்டிவிட்டுப் போவார். பாவம், புழு பிழைத்துப் போகட்டும் என்ற நல்லெண்ணம்தான் காரணம். ஆகையால் தூண்டில் போடுகிறவர்கள் வழக்கமாக உட்காரும் கரையோரச் சேற்றைக் கட்டாயம் பாருங்கள். அவர்களிடம் பேசவும் செய்யுங்கள். எந்தப் புழு புதிது, எது முன்பு கிடைத்து இப்போது கிடைக்கவில்லை என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வளர்ப்புச் சிப்பிகள் மூன்றாவது வழி. சிப்பி ஓட்டைத் துளைத்து வாழும் பாலிடோரா வகைப் புழுக்கள் ஓட்டோடு சேர்ந்தே ஊர் மாறும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2017-இல் எடுத்த சிப்பிகளில் பாலிடோரா வெப்ஸ்டெரி என்ற துளைப்புழு இருந்தது, 2020-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. இதைக் கண்டுபிடிக்க ஓட்டின் விளிம்பில் அருகருகே இருக்கும் இரண்டு சிறு துளைகளைத் தேடுங்கள். உள்பக்கம் சேறு நிரம்பிய கருப்புக் கொப்புளம் தெரியும். புழு 'யு' வடிவத்தில் வளை தோண்டுவதால்தான் துளைகள் இரண்டாக இருக்கின்றன.

நீர்த்தாவரங்களும் புழுக்களைச் சுமந்து வரும். பிராங்க்கியூரா சோவர்பியி என்ற ஒலிகோகீட் புழுவை 1892-இல் முதன்முதலாக விவரித்தபோது, அது லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் தாவரவியல் சங்கத்தின் தொட்டி ஒன்றில், அல்லிச் செடிகளின் சேற்றில் கிடைத்தது. அது ஆசியாவின் வெப்பப் பகுதிப் புழு என்றுதான் இப்போது கருதுகிறார்கள். அதன் பின்பாதியில் மேலும் கீழும் வரிசையாக விரல் போன்ற செவுள்கள் இருக்கும். தலையைச் சேற்றில் புதைத்துக்கொண்டு வாலை நீரில் ஆட்டும். ஒலிகோகீட்டுகளில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும் புழு இது. ஐரோப்பிய ஆற்றில் இது அயல்புழு. தெற்காசியக் குளத்தில் இதே புழு பழைய குடி. ஆகவே "அயல்புழுக்களின் பட்டியல்" என்று எதையாவது பார்த்தால், அது எந்தக் கரைக்கு எழுதிய பட்டியல் என்று முதலில் கேளுங்கள்.

நான் கடைசியாகச் சொல்லும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 5 முதல் 8 வரை இருக்கும் பகுதி. கடல் இனங்களுக்கு உப்பு போதாது, நன்னீர் இனங்களுக்கு உப்பு அதிகம். அதனால் உயிரினங்களின் வகை மிகக் குறைவாக இருப்பது இங்கேதான். அடால்ஃப் ரெமானே என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1934-இல் பால்டிக் கடலை வைத்து இதைக் காட்டினார். ஏற்கெனவே இருப்பவர்கள் குறைவு என்பதால், உப்பு ஏறி இறங்குவதைத் தாங்கும் புதியவர் இங்கே எளிதாக இடம் பிடிக்கிறார். பலர் கழிமுகம் என்றால் கடல் வாயைத்தான் பார்க்கிறார்கள். அலை, காற்று, அழகு எல்லாம் அங்கே. நீங்கள் மேலே போங்கள்.

சேற்றில் இறங்கும் நாள்

வற்றம் எத்தனை மணிக்கு என்று முந்தைய நாளே பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஏற்றம் திரும்பும் நேரத்துக்கு நன்றாக முன்பே வேலையை முடித்துவிட வேண்டும். தனியாகப் போகாதீர்கள். கழிமுகச் சேறு இடுப்புவரை இழுக்கக்கூடியது. கால் புதைந்தால் நின்றபடி பிடுங்க முயலாமல், பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, ஒவ்வொரு காலாக எடுக்க வேண்டும். காப்புப் பகுதியாக இருந்தால் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியை எந்த அருங்காட்சியகமும் ஏற்காது. நீங்கள் உண்மையிலேயே ஒரு புதிய புழுவைக் கண்டுபிடித்திருந்தாலும் அது பயனற்றுப் போய்விடும்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள கெட்டியான பிளாஸ்டிக் குழாய், இரண்டு சல்லடைகள், ஒரு அகலமான தொட்டி, வாளி, வெள்ளைத் தட்டு, மென்மையான இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி, ஒளிவிலகல் உப்புமானி, மூடி இறுகும் குப்பிகள், பென்சில், நல்ல கெட்டித் தாள். உப்புமானியை ஒவ்வொரு முறையும் நன்னீரில் பூஜ்யம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

குழாய் எவ்வளவு நீளம் என்பது முக்கியம். பலர் 10 செ.மீ. ஆழத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பால்டிக் கடலை நிரப்பிய மாரென்செல்லேரியா என்ற ஸ்பியோனிட் புழு 30 செ.மீ.க்கும் கீழே வளை தோண்டும். அதே சேற்றில் இருக்கும் பழைய இனங்கள் பெரும்பாலும் அவ்வளவு ஆழம் போவதில்லை. மேலோட்டமாக எடுத்தால் உள்ளூர்ப் புழு எல்லாம் கிடைக்கும், தேடி வந்த புழு குழாய்க்குக் கீழே பத்திரமாக இருக்கும். ஆகவே குறைந்தது 40 செ.மீ. எடுங்கள். மேல் 10 செ.மீ. தனியாக, கீழே உள்ளது தனியாகச் சலியுங்கள்.

சல்லடை 1 மி.மீ. ஒன்றும் 0.5 மி.மீ. ஒன்றும் வேண்டும். 1 மி.மீ. மட்டும் வைத்திருந்தால் இளம் புழுக்களையும் மெல்லிய ஸ்பியோனிட்டுகளையும் இழந்துவிடுவீர்கள். அயல்புழு வந்த புதிதில் பெரிய புழுக்கள் குறைவாகவும் குஞ்சுகள் அதிகமாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். சலிப்பதில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் புழுக்கள் கம்பியில் அறுபட்டுத் துண்டுகளாகிவிடும். சல்லடையைப் பாதி நீரில் அமிழும்படி தொட்டியில் வைத்து, இரு கையாலும் பிடித்து, லேசாகச் சுழற்றுங்கள். சேறு தானாகக் கீழே இறங்கும். சேறு கெட்டியாக இருந்தால் முதலில் வாளியில் நீரோடு கரைத்துவிட்டுச் சல்லடையில் ஊற்றுங்கள். அதே இடத்து நீரையே பயன்படுத்துங்கள். குடிநீரில் போட்டால் உவர்நீர்ப் புழு ஊதிப்போய் உருக்குலையும்.

கடினப் பரப்புகளுக்கு வேறு முறை. ஒட்டும் புழுக்களைத் துறைத் தூணில் சுரண்டித் தேடுவதைவிட, அவை வந்து உட்கார நாமே ஒரு இடம் கொடுப்பது நல்லது. 15 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தகட்டை உப்புக் காகிதத்தால் சொரசொரப்பாக்கி, செங்கல் எடையோடு கயிற்றில் கட்டி, படகுத்துறையில் நீருக்கடியில் ஒரு மீட்டர் ஆழத்தில், தேய்த்த பக்கம் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் சேறு படியாததால் குழாய்ப்புழுக்கள் அங்கே விரும்பி வரும். எப்போது போட்டோம், எப்போது எடுத்தோம் என்ற தேதிகள் நம் கையில் இருப்பதுதான் இதில் பெரிய லாபம். புழு எந்த மாதங்களில் வந்து ஒட்டியது என்று சொல்ல முடியும்.

உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்

சாராயத்தில், அதாவது எத்தனாலில், போட்ட பிறகு புழுவின் நிறம் போய்விடும், செவுள் சுருங்கிவிடும், உணர்கைகள் உதிர்ந்துவிடும். அதனால் வெள்ளைத் தட்டில் அதே இடத்து நீரை ஊற்றி, உயிரோடு விட்டுப் பாருங்கள். எப்படி நகர்கிறது, குழாய் கட்டுகிறதா, சளி விடுகிறதா, தொட்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். நான் குறிப்பேட்டில் ஒரு கோட்டுப்படம் கட்டாயம் போடுவேன். வரையும்போதுதான் கண் புழுவின் உடல் வளையங்களில், அதாவது கண்டங்களில், ஒவ்வொன்றாகப் போகும்.

படம் எடுப்பதற்கு முன் புழுவை மயக்க வேண்டும். ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 73 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைத்தால் அதன் செறிவு கடல்நீருக்கு ஈடாக இருக்கும். அதைப் புழு இருக்கும் நீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் புழு நெளியாமல் நீண்டு படுக்கும். உப்புக் குறைந்த இடத்துப் புழு என்றால் கரைசலையும் அதற்கேற்ப நீர்த்துக்கொள்ளுங்கள். மயக்காமல் நேராகச் சாராயத்தில் போட்ட புழு சுருண்டு முடிச்சாகிவிடும். பிறகு யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

படத்தில் வர வேண்டியவை: மேலிருந்து தலை, கீழிருந்து தலை, செவுள் எந்தக் கண்டத்தில் தொடங்கி எதில் முடிகிறது, நடு உடலில் ஒரு பக்கக் கால், வால் நுனி, குழாய் இருந்தால் குழாய். பக்கத்தில் அளவுகோல். முழுப் புழுவை அழகாக ஒரே படத்தில் எடுத்து அனுப்புகிறார்கள். அதை வைத்து யாரும் இனம் சொல்ல முடியாது.

குழாய்ப்புழு என்றால் குழாயின் வாயை அடைக்கும் மூடியைக் கவனியுங்கள். ஃபிகோபொமாட்டஸ் எனிக்மாட்டிகஸ் என்ற செர்ப்புலிட் புழுவில் அந்த மூடியின் மேல் கருப்பான வளைந்த முட்கள் இருக்கும். வெள்ளைக் குழாய் சுமார் 2 மி.மீ. அகலம், இடைவெளி விட்டுக் கழுத்துப்பட்டி போன்ற வளையங்கள் இருக்கும். பிரான்சின் கான் நகரக் கால்வாயில் கிடைத்ததை வைத்து 1923-இல் விவரிக்கப்பட்ட புழு இது. ஆனால் அங்கே பிறந்த புழு அல்ல. ஆஸ்திரேலியப் பகுதியிலிருந்து கப்பல்களோடு வந்திருக்கும் என்பது பலரின் கருத்து. இப்போது உலகின் பல உவர்நீர்ப் பகுதிகளில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் மார் சிகிதா காயலில் இது கட்டிய வட்டத் திட்டுகள் 7 மீட்டர் விட்டம்வரை வளர்ந்திருக்கின்றன. ஒரு காயலின் தரையையே மாற்றிவிட்ட புழு. நீரை வடிகட்டித் தெளிவாக்குகிறது, நண்டுகளுக்கு ஒளிய இடம் தருகிறது, நீரோட்டத்தைத் தடுத்துச் சேறு சேர்க்கிறது. எல்லாம் ஒரே நேரத்தில்.

குப்பியும் சீட்டும்

கிடைத்த புழுக்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு 95 சதவீத எத்தனாலில். இது டி.என்.ஏ. ஆய்வுக்கு. புழுவின் உடலில் இருக்கும் நீர் சாராயத்தை நீர்த்துவிடும் என்பதால் மறுநாள் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக மாற்றுங்கள். இன்னொரு பங்கு உருவ ஆய்வுக்கு ஃபார்மலினில். ஃபார்மலின் நச்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. முறையான ஆய்வகமும் காற்றோட்டமும் கையுறையும் இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம். எத்தனால் மட்டும் போதும். ஃபார்மலின் பயன்படுத்துகிறவர்கள் அதில் போராக்ஸ் சேர்த்து அமிலத்தன்மையை நீக்குங்கள். இல்லாவிட்டால் சுண்ணாம்புக் குழாய் கரைந்துவிடும். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்பதால் ஒரே குப்பியில் இரண்டு வேலையும் நடக்காது.

புழுக்களைச் சிவப்பாகக் காட்டும் ரோஸ் பெங்கால் சாயத்தைச் சேர்த்தால் பிரிப்பது எளிது. ஆனால் அயல்புழு தேடும் மாதிரிகளில் நான் அதைச் சேர்ப்பதில்லை. கண்ணின் நிறமும் உடல் புள்ளிகளும் சாயத்தில் மறைந்துவிடுகின்றன.

சீட்டைப் பென்சிலில் எழுதி குப்பிக்குள்ளேயே போடுங்கள். மை சாராயத்தில் கரையும், மேலே ஒட்டிய தாள் உரிந்து விழும். தேதி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, உப்புத்தன்மை, நீரின் வெப்பம், சேறா மணலா தூணா, எவ்வளவு ஆழம், எந்தச் சல்லடை, யார் எடுத்தது. ஒன்றும் கிடைக்காத இடத்துக்கும் இதே குறிப்பை எழுதுங்கள். ஒரு புழு 2030-இல் தெரியவந்தால், 2026-இல் அதே இடத்தில் தேடியும் கிடைக்கவில்லை என்ற குறிப்புதான் அது வந்த காலத்தைச் சொல்லும். இந்த வெறுங்குறிப்புகளுக்காக நான் எத்தனை பேரிடம் வேண்டினாலும் எழுதுகிறவர்கள் குறைவு. தயவு செய்து எழுதுங்கள்.

இது அயல்புழுதானா?

இங்கேதான் நிதானம் தேவை. உங்கள் பட்டியலில் இல்லாத புழு கிடைத்தால், அது வந்ததாகவும் இருக்கலாம், எப்போதும் இருந்து யாரும் பார்க்காததாகவும் இருக்கலாம். பழைய பட்டியலில் வேறு பெயரில் ஒளிந்திருப்பதாகவும் இருக்கலாம்.

கடைசியாகச் சொன்னது மிக அதிகம். மார்ஃபைசா சங்குவினியா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டெவன் கரையில் கிடைத்த புழுவுக்கு வைத்த பெயர். அப்புறம் உலகம் முழுக்கக் கரையோரச் சேற்றில் கிடைத்த அதே சாயல் புழுக்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே எழுதி வைத்தார்கள். இப்போது அவற்றைத் திரும்பப் பார்த்தால் பல வெவ்வேறு இனங்கள். எனவே ஒரு பழைய பட்டியலில் ஐரோப்பியப் பெயர் இருப்பதால் மட்டும் அந்தப் புழு ஐரோப்பாவிலிருந்து வந்தது என்று எழுதிவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. அயல்புழு உள்ளூர்ப் புழுவின் சாயலில் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் வாழும். ஆசிய நெரீட் புழுவான ஹெடிஸ்டே டயட்ரோமா வட அமெரிக்காவின் பசிபிக் கரைக் கழிமுகங்களில் இருப்பது டி.என்.ஏ. பார்த்துத்தான் உறுதியானது. மாரென்செல்லேரியாவின் கதையும் இதே போன்றதுதான். 1980-களில் வட கடல் கழிமுகங்களிலும், 1985-இல் பால்டிக்கிலும் தென்பட்டபோது ஒரே இனம் என்று நினைத்தார்கள். 2004-இல்தான் மாரென்செல்லேரியா நெக்லெக்டா தனி இனமாக விவரிக்கப்பட்டது. இப்போது பால்டிக்கில் நெக்லெக்டா, விரிடிஸ், ஆர்க்டியா என்று மூன்று இனங்கள் இருப்பது தெரிகிறது. செவுள் உள்ள கண்டங்களின் எண்ணிக்கை போன்றவற்றை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அந்த எண்ணிக்கை புழு வளர வளர மாறும், ஆகவே இளம் புழுவை உருவத்தால் மட்டும் பிரிக்க முடியாது. எத்தனாலில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

புழு புதிதாக வந்தது என்று நான் நம்புவதற்குச் சில அறிகுறிகள் சேர்ந்து வர வேண்டும். அதே இடத்தில் முன்பு முறையாகச் சலித்தும் கிடைத்திருக்கக் கூடாது. படகுத்துறை, சிப்பிப் பண்ணை போன்ற ஒரு வாசலுக்கு அருகில் முதலில் தென்பட்டிருக்க வேண்டும். அங்கிருந்து ஆண்டுக்கு ஆண்டு பரவுவது தெரிய வேண்டும். அதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் வேறு கடலில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் கேள்விக்குறியோடு எழுதி வையுங்கள். கேள்விக்குறி போட்ட பதிவு மதிப்புக் குறைந்தது இல்லை.

புதிய புழு வந்தது என்றாலே கேடு என்றும் எழுதிவிடாதீர்கள். மாரென்செல்லேரியா ஆழமாக வளை தோண்டி ஆக்சிஜனைச் சேற்றுக்குள் கொண்டுபோகிறது. நாளடைவில் சேறு பாஸ்பரஸைப் பிடித்துவைக்க இது உதவலாம் என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு, பாஸ்பரஸை வெளியே தள்ளுகிறது என்று காட்டியவையும் உண்டு. நம் வேலை என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்வது.

கண்டுபிடித்த பிறகு

அழிக்கிறேன் என்று உடனே சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். சபெல்லா ஸ்பலான்சானி என்ற மத்தியதரைக் கடல் விசிறிப்புழு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பரவியிருக்கிறது. இந்தப் புழு அறுபட்ட துண்டிலிருந்து திரும்ப வளரக்கூடியது. நீருக்கடியில் சுரண்டிக் கீழே விட்டால் நாமே பரப்பியதாகிவிடும். படகையோ தகட்டையோ கரைக்கு எடுத்து, சுரண்டியதை எல்லாம் சேகரித்து, உலர்த்திக் குப்பையில் போட வேண்டும்.

ஒழிக்கவே முடியாதா என்றால், முடிந்த ஒரு நிகழ்வு உண்டு. தென்னாப்பிரிக்காவின் டெரெப்ராசபெல்லா ஹெட்டெரோஅன்சினாட்டா என்ற சின்னஞ்சிறு புழு அபலோனி நத்தைகளோடு கலிபோர்னியாவுக்கு வந்து, கேயூகோஸ் என்ற இடத்தில் பண்ணையிலிருந்து கடலோரப் பாறைகளுக்கும் பரவியது. புழுவுக்கு வீடாக இருந்த கருப்பு நத்தைகளில் 16 லட்சத்தைக் கையால் பொறுக்கி எடுத்தார்கள். பண்ணையிலிருந்து புழு வெளியேறும் வழியையும் அடைத்தார்கள். புழுவுக்குத் தொற்ற ஆள் இல்லாமல் போய், அங்கே அது ஒழிந்தது. சின்ன இடம், சீக்கிரம் கண்டுபிடித்தது, புழு எதன்மேல் வாழ்கிறது என்று தெரிந்திருந்தது ஆகிய மூன்றும் சேர்ந்ததால் நடந்தது. கழிமுகச் சேற்றில் பரவிய புழுவுக்கு இந்த வழி இல்லை. சீக்கிரம் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியும்.

படங்களையும் குறிப்புகளையும் உங்கள் பகுதியின் மீன்வளத் துறைக்கும், கடல் உயிரியல் படிக்கும் பல்கலைக்கழகத் துறைக்கும் அனுப்புங்கள். குப்பியில் குறைந்தது ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் சேர்த்து, அவர்கள் தரும் பதிவு எண்ணை வாங்கி வையுங்கள். நாளை அந்த இனத்தின் பெயர் மாறினாலும், மூன்றாகப் பிரிந்தாலும், குப்பி இருந்தால் திரும்பிப் பார்க்கலாம். உயிருள்ள புழுவை யாருக்கும் அனுப்பாதீர்கள், வீட்டுத் தொட்டியிலும் வளர்க்காதீர்கள்.

கடைசி வேலை நம் சொந்தப் பொருள்கள். சேற்றில் நின்ற காலணி, சல்லடை, கயிறு, வாளி எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கழுவி, சேறு ஒரு துளி இல்லாமல் எடுங்கள். கழிமுகப் புழுக்கள் நன்னீரையும் சிறிது நேரம் தாங்கும், ஆகவே வெறும் நன்னீர்க் கழுவலை நம்ப வேண்டாம். வெயிலில் முழுக்கக் காயும்வரை நாள்கணக்கில் உலர்த்துங்கள், அல்லது 60 டிகிரி வெப்பமுள்ள நீரில் அமிழ்த்தி எடுங்கள். காலணி அடியின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பது என் வழக்கம். ஒரே நாளில் இரண்டு கழிமுகங்களுக்குப் போக வேண்டியிருந்தால் இரண்டு சல்லடைகள், இரண்டு ஜோடிக் காலணிகள் எடுத்துப்போங்கள். முடியாவிட்டால் இரண்டாவது இடத்தை வேறொரு நாளைக்குத் தள்ளி வையுங்கள்.